வில்லியம் ஜேம்ஸ்: பாடநூலின் அரைப் பக்கத்தில் அடங்காதவர்

உளவியல் அறிமுகம் என்ற பாடத்தை முதலாமாண்டில் எடுத்த எவருக்கும் அந்தப் பட்டியல் மனப்பாடமாக இருக்கும். வுண்ட் என்றால் 1879, லைப்சிக் நகரின் ஆய்வுக்கூடம். டிட்செனர் என்றால் அமைப்பியல். ஃபிராய்டு என்றால் உளப்பகுப்பாய்வு. வாட்சன், ஸ்கின்னர் என்றால் நடத்தையியல். ரோஜர்ஸ், மாஸ்லோ என்றால் மனிதநேய உளவியல். பெயரையும் கோட்பாட்டையும் கோடு போட்டு இணைக்கத் தெரிந்தால் தேர்வில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இந்தப் பட்டியலின் தொடக்கத்தில் எங்கோ ஓர் அரைப் பக்கத்தில் வில்லியம் ஜேம்ஸ் வருவார். தாடி வைத்த ஒரு படம், செயற்பாட்டியல் என்ற ஒரு சொல், 1890 என்ற ஓர் ஆண்டு. அடுத்த பக்கத்தில் வேறு ஆள் வந்துவிடுவார்.

ஆனால் தமிழ் இலக்கியம் படிக்கும் நண்பர்களுக்கு இவர் தெரியாமலேயே தெரிந்தவர். லா.ச.ராமாமிருதத்தின் கதைகளைப் பற்றிப் பேசும்போது நனவோடை உத்தி என்று எழுதுகிறோமே, அந்த ஓடை உளவியலில் இருந்து இலக்கியத்திற்குப் பாய்ந்தது. அதை உலகறியச் செய்தவர் ஜேம்ஸ்தான். நம் நினைவுகள் மணிகளைக் கோத்த மாலை போலத் தனித்தனியாக இருப்பவை அல்ல, இடையறாது ஓடும் நீர் போன்றவை என்று அவர் விளக்கினார். உளவியல் துறையும் தமிழ்த்துறையும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே மனிதரைப் படித்துக்கொண்டிருப்பது வேடிக்கைதான்.

அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தால் வியப்பு கூடுகிறது. உளவியலின் தந்தையருள் ஒருவர் என்று போற்றப்படுபவர், முப்பது வயது வரை என்ன செய்வதென்றே தெரியாமல் தவித்தவர்.

வில்லியம் ஜேம்ஸ் 1842 ஜனவரி 11ஆம் நாள் நியூயார்க் நகரில் ஒரு தங்கும் விடுதியில் பிறந்தார். தாத்தா அயர்லாந்திலிருந்து வெறுங்கையோடு வந்து பெருஞ்செல்வம் ஈட்டியவர். அந்தச் சொத்தின் பங்கு கிடைத்ததால் தந்தை ஹென்றி ஜேம்ஸ் எந்த வேலைக்கும் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்தத் தந்தை சிறுவனாக இருந்தபோது தீ விபத்தில் ஒரு காலை இழந்தவர். சமயத் தத்துவங்களிலேயே வாழ்நாளைக் கழித்தவர். பிள்ளைகளுக்குச் சிறந்த கல்வி கொடுக்க வேண்டும் என்ற வெறி அவருக்கு இருந்தது. ஆனால் எது சிறந்தது என்பதில் அடிக்கடி மனம் மாறியது. இதனால் குடும்பம் அட்லாண்டிக் கடலை மாறி மாறிக் கடந்தது. லண்டன், பாரிஸ், ஜெனீவா, போன் என்று பள்ளிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஐந்து பிள்ளைகளில் வில்லியம் மூத்தவர். இரண்டாமவர் ஹென்றி பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஆனார். கடைக்குட்டி ஆலிஸின் நாட்குறிப்பு அவர் மறைவுக்குப் பின் நூலாகி இன்றும் படிக்கப்படுகிறது.

நம்மில் பலர் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து, பின் தேசியப் பள்ளிக்கு மாறி, மொழி மாறிய அந்த முதல் சில மாதங்களில் திணறியவர்கள்தாம். அதனால் பதினெட்டு வயதுக்குள் மூன்று மொழிகளில் பள்ளி மாறிய ஒருவரைப் புரிந்துகொள்வது நமக்குக் கடினமில்லை. பன்மொழிப் புலமை கிடைத்தது. காலூன்றி நிற்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

முதலில் ஓவியராக வேண்டும் என்று விரும்பினார் வில்லியம். தந்தைக்கு அதில் விருப்பமில்லை. ஆனாலும் 1860இல் நியூபோர்ட் என்ற ஊரில் வில்லியம் மாரிஸ் ஹண்ட் என்ற ஓவியரிடம் பயிற்சி பெற அனுமதி கிடைத்தது. ஓராண்டு முடிவதற்குள் அதைக் கைவிட்டார். 1861இல் ஹார்வர்டில் வேதியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பாடம் நடத்திய சார்ல்ஸ் எலியட், இந்த மாணவர் திறமைசாலி, ஆனால் வேதியியலில் முழு மனம் இல்லாதவர் என்பதைக் கவனித்து வைத்திருந்தார். எலியட் இந்தக் கதையில் மீண்டும் வருவார். வேதியியலிலிருந்து உடற்கூற்றியல், அதிலிருந்து 1864இல் மருத்துவம்.

அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தம்பியர் இருவர், வில்கியும் பாபும், கறுப்பின வீரர்களைக் கொண்ட படைப்பிரிவுகளில் அதிகாரிகளாகச் சேர்ந்தனர். 1863இல் வாக்னர் கோட்டைத் தாக்குதலில் வில்கி படுகாயம் அடைந்து வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். மூத்தவர்களான வில்லியமும் ஹென்றியும் போருக்குச் செல்லவில்லை. காயப்பட்ட தம்பியைப் பார்த்துக்கொண்டு படிப்பைத் தொடர்ந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மருத்துவப் படிப்பும் நேர்கோட்டில் போகவில்லை. 1865இல் இயற்கையியலாளர் லூயி அகாசிஸ் தலைமையில் பிரேசிலுக்குச் சென்ற ஆய்வுப் பயணத்தில் சேர்ந்தார். அமேசான் ஆற்றில் மீன்களைச் சேகரிக்கும் வேலை. ரியோ நகரில் அம்மை நோய் தாக்கி மருத்துவமனையில் கிடந்தார். கண்களும் சில காலம் பாதிக்கப்பட்டன. அந்தப் பயணத்தில் அவர் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: தாம் பொருள்களைச் சேகரிக்கும் வகை ஆள் அல்லர், சிந்திக்கும் வகை ஆள். திரும்பி வந்தவருக்கு முதுகுவலி, கண்வலி, செரிமானக் கோளாறு, தூக்கமின்மை. 1867இல் வெந்நீர்க் குளியல் சிகிச்சைக்காகவும் உடலியங்கியல் கற்பதற்காகவும் ஜெர்மனி சென்றார். ஹெல்ம்ஹோல்ட்ஸ், வுண்ட் ஆகியோர் நரம்புகளையும் புலன்களையும் அளந்து மனத்தை அறிவியலாக ஆராயத் தொடங்கியிருப்பதை அங்குதான் அறிந்தார். 1869இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதைக் கொண்டு ஒரு நோயாளிக்குக்கூட அவர் தொழில்முறையில் வைத்தியம் பார்த்ததில்லை.

பட்டம் கையில் இருந்தது. மனிதர் உடைந்து போனார். பெற்றோர் வீட்டில் முடங்கினார். தற்கொலை எண்ணம் அடிக்கடி வந்தது. 1870 மார்ச் மாதத்தில் அவர் மிகவும் நேசித்த உறவுப்பெண் மின்னி டெம்பிள் காசநோயால் இறந்தார். ஏறக்குறைய அந்தக் காலக்கட்டத்தில் ஒரு மாலை, மங்கிய அறைக்குள் நுழைந்தபோது காரணமே இல்லாமல் ஒரு பேரச்சம் அவரைப் பற்றியது. மனநல விடுதியில் முன்பு பார்த்த ஒரு வலிப்பு நோயாளியின் உருவம் கண்முன் வந்தது. அசையாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்த இளைஞனைப் போலத் தாமும் ஒரு நாள் ஆகலாம், தம்மைக் காக்கும் எதுவும் தம்மிடம் இல்லை என்று தோன்றியது. பல மாதங்கள் இருட்டில் தனியாகப் போகவே அஞ்சினார். பின்னாளில் இதை நூலில் எழுதியபோது யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் அனுப்பிய கடிதம் என்று மாற்றி எழுதினார். அது தம்முடைய அனுபவம்தான் என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

இந்தத் துன்பத்திற்கு ஒரு தத்துவ வேரும் இருந்தது. நமது பாடநூல்களில் இது விதிவாதமா, சுயவிருப்பமா என்று இரண்டு வரிகளில் வரும் விவாதம். மூளை ஒரு பொருள். பொருள்கள் இயற்கை விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. அப்படியானால் என் எண்ணமும் செயலும் முன்பே முடிவானவைதாமே? நம் வீடுகளில் தலையெழுத்து என்று சொல்லி எளிதில் கடந்துவிடுகிறோம். தலையெழுத்து என்றால்கூட எழுதியவன் ஒருவன் இருக்கிறான், அவனிடம் முறையிடலாம். ஜேம்ஸ் மருத்துவக் கல்லூரியில் கற்ற விதியில் எழுதியவன் எவனும் இல்லை. நோயிலிருந்து மீள முயல்வதுகூட நம் கையில் இல்லை என்றால் முயல்வது எதற்காக?

1870 ஏப்ரல் 30ஆம் நாள் அவர் நாட்குறிப்பில் ஒரு முடிவு பதிவாகியிருக்கிறது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனூவியேயின் கட்டுரை ஒன்றை அப்போது படித்திருந்தார். வேறு எண்ணங்கள் இருக்கும்போதே ஓர் எண்ணத்தைத் தேர்ந்து அதையே பிடித்துக்கொள்ள என்னால் முடிகிறதென்றால் அதுவே சுயவிருப்பம் என்பது ரெனூவியேயின் விளக்கம். இது மாயை அல்ல என்று அடுத்த ஆண்டு வரையாவது ஏற்றுக்கொள்வேன், சுயவிருப்பத்தை நம்புவதே என் சுயவிருப்பத்தின் முதல் செயலாக இருக்கட்டும் என்று ஜேம்ஸ் தீர்மானித்தார். தர்க்கத்தில் வென்ற முடிவல்ல இது. இரு பக்கமும் நிறுவ முடியாத கேள்வியில், வாழ உதவும் பக்கத்தில் நின்று பார்ப்போம் என்று பந்தயம் கட்டிய முடிவு. உடனே அவர் குணமாகிவிட்டார் என்று சில நூல்கள் கதை சொல்கின்றன, அது உண்மையில்லை. சோர்வு அவரை வாழ்நாள் முழுதும் விட்டுவிட்டு வந்தது. ஆனால் எழுந்து நடக்க அந்த முடிவு போதுமானதாக இருந்தது.

1872இல் பழைய வேதியியல் ஆசிரியர் எலியட் மீண்டும் வருகிறார். இப்போது அவர் ஹார்வர்டின் தலைவர். உடலியங்கியல் கற்பிக்க ஜேம்ஸை அழைத்தார்; ஆண்டுச் சம்பளம் 600 டாலர். முப்பது வயதில் கிடைத்த முதல் வேலை. காலையில் எழுந்து போக ஓர் இடமும் காத்திருக்கும் மாணவர்களும் இருந்தது அவருக்கு எந்த வெந்நீர்க் குளியலையும் விட நன்மை செய்தது. 1875இல் உடலியங்கியலுக்கும் உளவியலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வகுப்பு நடத்தத் தொடங்கினார். செய்முறைக்காகச் சிறு அறை ஒன்றையும் அமைத்தார். வுண்டின் ஆய்வுக்கூடத்திற்கு நான்கு ஆண்டுகள் மூத்தது அது. ஆனால் பெரும்பாலும் கற்பித்தலுக்கே பயன்பட்டதால் 1879ஐத்தான் நாம் தேர்வில் எழுதுகிறோம். உளவியலில் தாம் கேட்ட முதல் விரிவுரை தாம் நடத்தியதே என்று அவர் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உண்மைதான், அவருக்குக் கற்பிக்க அமெரிக்காவில் அப்போது அத்துறையில் ஆள் இல்லை.

1878இல் இரண்டு ஒப்பந்தங்கள். ஒன்று, ஆசிரியையாக இருந்த ஆலிஸ் கிப்பன்ஸ் அம்மையாருடன் திருமணம். மற்றொன்று, ஹென்றி ஹோல்ட் என்ற பதிப்பாளருக்கு உளவியல் பாடநூல் எழுதித் தருவதாக உறுதி. இரண்டாண்டில் முடித்துவிடலாம் என்று நினைத்தார். தேனிலவின்போதே மனைவி எழுதிக்கொள்ள இவர் சொல்லத் தொடங்கிவிட்டார். முடிந்தது 1890இல். பன்னிரண்டு ஆண்டுகள்! இடுபணியை ஒப்படைக்க ஒரு வாரத் தவணை கேட்டு விரிவுரையாளர் அறை வாசலில் நிற்கும் நமக்கு இது ஆறுதலான செய்தி.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் நூலகத்தில் மட்டும் கழிந்தவையல்ல. 1882 ஜனவரியில் தாய் மறைந்தார். அதே ஆண்டு இறுதியில் தந்தை மரணப்படுக்கையில் இருந்தபோது வில்லியம் லண்டனில் இருந்தார். விடை கொடுத்து அவர் எழுதிய கடிதம், அடக்கம் முடிந்த பிறகே வந்து சேர்ந்தது. தம்பி ஹென்றி அதை எடுத்துக்கொண்டு கல்லறைக்குச் சென்று, தந்தை கேட்பார் என்ற நம்பிக்கையில் உரக்கப் படித்தார். 1885இல் ஒன்றரை வயது மகன் ஹெர்மன் கக்குவான் இருமலால் இறந்தான். அந்த ஆண்டில்தான் இறந்தவர்களுடன் பேசுவதாகச் சொல்லப்பட்ட பைப்பர் அம்மையாரைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரைச் சந்திக்கச் சென்றார். ஆவி ஆராய்ச்சியில் ஜேம்ஸ் கால் நூற்றாண்டு ஈடுபட்டது அவருடைய சக உளவியலாளர்களுக்குப் பெரும் தலைவலி. அறிவியலாளர் ஒருவர் இப்படி இறங்கலாமா என்று கேட்டனர். எனக்கும் அந்த ஆராய்ச்சியில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஆராயாமலே இல்லை என்று சொல்வது அறிவியல் ஆகாது என்று அவர் பிடிவாதமாக நின்றதை மதிக்கிறேன்.

நூலுக்கு வருவோம். ‘உளவியலின் கொள்கைகள்’ இரண்டு தொகுதிகள், 28 அத்தியாயங்கள், ஏறத்தாழ 1,400 பக்கங்கள். கையெழுத்துப் படியை அனுப்பும்போது, வீங்கிப் போன அருவருப்பான மூட்டை இது, உளவியல் என்ற அறிவியலே இன்னும் இல்லை என்பதற்கும் நான் திறமையற்றவன் என்பதற்கும் இதுவே சான்று என்ற பொருளில் பதிப்பாளருக்கு எழுதினார். உலகம் வேறு விதமாக நினைத்தது. 1892இல் அதைச் சுருக்கி வகுப்புகளுக்கான நூலாக வெளியிட்டார். மாணவர்கள் பெரிய நூலை ஜேம்ஸ் என்றும் சிறியதை ஜிம்மி என்றும் அழைத்தார்கள். ஒரு தலைமுறை அமெரிக்க மாணவர்கள் ஜிம்மியில்தான் உளவியல் பயின்றனர்.

அப்படி என்னதான் சொன்னார்? வுண்டும் அவரைப் பின்பற்றியோரும் மனத்தைச் சிறு உணர்வுகளாகப் பிரித்து அளந்தார்கள். ஜேம்ஸுக்கு அந்த அளவை வேலை பொறுமையைச் சோதித்தது. மனம் எதனால் ஆனது என்பதைவிட, மனம் எதற்காக இருக்கிறது என்பதே அவர் கேள்வி. டார்வினைப் படித்தவர் அல்லவா! உயிர் பிழைக்க உதவாவிட்டால் நினைவும் கவனமும் ஏன் தோன்ற வேண்டும் என்று கேட்டார். இதைத்தான் செயற்பாட்டியல் என்கிறோம். பழக்கம் பற்றிய அத்தியாயம் இன்றும் சுவையானது. மடித்த தாள் அடுத்த முறை அதே இடத்தில் எளிதில் மடிவது போல, செய்த செயல் நரம்புகளில் தடம் பதிக்கிறது என்பது அதன் சாரம். புதுப் பழக்கத்தை முழு வேகத்தில் தொடங்கு, வேரூன்றும் வரை ஒரு நாளும் விலக்கு அளிக்காதே, முதல் வாய்ப்பிலேயே செயலில் இறங்கு என்று ஆலோசனையும் தருகிறார். சோர்ந்து கிடந்த தமக்குத் தாமே எழுதிக்கொண்ட மருந்துச் சீட்டு அது என்றே எனக்குப் படுகிறது.

உணர்ச்சி பற்றிய கோட்பாட்டைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். கரடியைக் கண்டு அஞ்சுவதால் ஓடுகிறோம் என்பது பொதுவான நினைப்பு. உடல் நடுங்கி ஓடுவதை உணர்வதே அச்சம் என்றார் ஜேம்ஸ், 1884இல். டென்மார்க் மருத்துவர் லாங்கே மறு ஆண்டு தனியாக இதே போன்ற கருத்தைச் சொன்னதால் இருவர் பெயரும் ஒட்டிக்கொண்டன. 1927இல் இதைக் கடுமையாக மறுத்த வால்டர் கேனன், ஹார்வர்டில் ஜேம்ஸிடம் பயின்றவர்.

மாணவர்கள் என்றவுடன் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மேரி விட்டன் கால்கின்ஸ், வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் கிரேக்க மொழி கற்பித்தவர். 1890இல் ஜேம்ஸிடம் உளவியல் கற்க விரும்பினார். ஹார்வர்டு பெண்களைச் சேர்க்காத காலம் அது. ஜேம்ஸ் வாதாடினார், கால்கின்ஸின் தந்தை மனுக் கொடுத்தார். பதிவு பெறாத விருந்தாளியாக உட்காரலாம் என்று அனுமதி வந்தது. அவர் வகுப்புக்கு வந்ததும் மற்ற ஆண் மாணவர்கள் விலகிக்கொண்டார்கள். எனவே அப்போதுதான் அச்சாகி வந்த அந்த இரண்டு தொகுதிகளையும் நடுவில் வைத்துக்கொண்டு, நூலகக் கணப்பின் அருகே ஆசிரியரும் ஒரே மாணவியுமாக வகுப்பு நடந்தது. 1895இல் முனைவர் பட்டத்துக்குச் சமமான தேர்வை அவர் எழுதினார். தேர்வுக் குழுவினர் ஒருமனதாகத் தகுதியானவர் என்றனர். தாம் கண்டவற்றிலேயே மிகச் சிறந்த தேர்வு என்று ஜேம்ஸ் பாராட்டினார். பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்துவிட்டது. பிறகு 1902இல், ஹார்வர்டின் மகளிர் கிளையான ராட்க்ளிஃப் கல்லூரியின் பட்டம் வழங்க முன்வந்தார்கள். ஹார்வர்டில் செய்த ஆய்வுக்கு ஹார்வர்டு பட்டமே முறை என்று கால்கின்ஸ் அதை ஏற்கவில்லை. 1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1930இல் அவர் மறையும் வரை அந்தப் பட்டம் வரவேயில்லை. நினைவாற்றல் ஆய்வில் சொற்களை இணை இணையாகக் காட்டிச் சோதிக்கும் முறை அவர் உருவாக்கியதுதான். பாடநூலில் ஜேம்ஸுக்கு அரைப் பக்கமாவது உண்டு. கால்கின்ஸுக்குப் பெரும்பாலும் ஓரத்தில் ஒரு கட்டம்தான்.

எட்வர்ட் தார்ண்டைக் மற்றொரு மாணவர். விலங்குகளின் கற்றலை ஆராயக் கோழிக்குஞ்சுகளை வளர்த்தவருக்கு, வாடகை வீட்டில் எதிர்ப்பு, பல்கலைக்கழகத்திலும் இடமில்லை. ஜேம்ஸ் தம் வீட்டு நிலவறையைக் கொடுத்தார். வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தார்ண்டைக்கின் ஆய்வுகள்தாம் பின்னர் ஸ்கின்னர் வரை நீண்ட நடத்தையியலுக்கு வித்திட்டன. மனத்தையே ஆராய்ச்சியிலிருந்து நீக்க முற்பட்ட ஒரு பிரிவின் வேர்களுள் ஒன்று, நனவோடையைப் பேசியவரின் வீட்டு நிலவறையில் முளைத்தது.

1890களிலேயே ஜேம்ஸ் உளவியலிலிருந்து விலகத் தொடங்கிவிட்டார். ஆய்வுக்கூடத்தைக் கவனிக்க 1892இல் ஜெர்மனியிலிருந்து ஹூகோ முன்ஸ்டர்பர்க்கை வரவழைத்தார். 1901இலும் 1902இலும் எடின்பரோவில் சமய அனுபவங்களைப் பற்றி உரையாற்றினார். அந்த உரைகள் நூலாயின. அவற்றில் சுவாமி விவேகானந்தரையும் எடுத்துக்காட்டியிருக்கிறார். 1907இல் பயன்வழித் தத்துவம் பற்றிய நூல் வந்தது. இதற்கிடையே 1899 முதல், பிலிப்பைன்ஸை அமெரிக்கா கைப்பற்றியதைக் கண்டித்து நாளேடுகளுக்குச் சினத்துடன் எழுதினார். நம் அண்டை நாட்டு மக்களின் விடுதலைக்காக அன்றே ஒரு ஹார்வர்டு பேராசிரியர் குரல் கொடுத்தார் என்பது நம் பாடநூல்களில் இல்லாத செய்தி.

1898இல் மலையேறியபோது அளவுக்கு மீறிய சுமையால் அவர் இதயம் பழுதுபட்டது. அதன் விளைவை ஒருவர் நேரில் கண்டார். 1909 செப்டம்பரில் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஐந்து விரிவுரைகள் ஆற்ற ஃபிராய்டு அமெரிக்கா வந்திருந்தார். அழைத்தவர் ஸ்டான்லி ஹால். 1878இல் ஹார்வர்டில் ஜேம்ஸிடம் முனைவர் பட்டம் பெற்றவர். உடல்நலம் குன்றியிருந்த 67 வயது ஜேம்ஸ், ஃபிராய்டைக் காண்பதற்காகவே புறப்பட்டுச் சென்றார். இருவரும் நடந்துகொண்டிருந்தபோது ஜேம்ஸ் திடீரென நின்றார். கைப்பையை ஃபிராய்டிடம் கொடுத்து, நீங்கள் முன்னால் நடங்கள், நெஞ்சுவலி வருகிறது, தணிந்ததும் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றார். அப்படியே வந்தும் சேர்ந்தார். மரணத்தின் முன் தாமும் அவ்வாறு அஞ்சாமல் இருக்க வேண்டும் என்று விரும்பியதாக ஃபிராய்டு தம் வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார். ஜேம்ஸுக்கோ ஃபிராய்டின் கனவுக் கோட்பாடு ஏற்புடையதாக இல்லை. ஒரே கருத்தைப் பிடித்துக்கொண்டு விடாதவர் என்ற எண்ணமே ஏற்பட்டது. ஆனாலும் அவர்கள் தம் வழியில் எதுவரை செல்ல முடியுமோ செல்லட்டும் என்று நண்பருக்கு எழுதினார்.

மறு ஆண்டு சிகிச்சைக்காக மனைவியுடன் ஐரோப்பா சென்றார். அங்கு மனச்சோர்வில் விழுந்திருந்த தம்பி ஹென்றியைப் பார்த்துக்கொள்வதும் பயணத்தின் நோக்கம். சிகிச்சை பலிக்கவில்லை. ஹென்றியும் உடன்வர அமெரிக்கா திரும்பி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சொக்கோரூவா மலையடிவாரத்தில் இருந்த தம் கோடை வீட்டை அடைந்தார். வந்து சேர்ந்த ஒரு வாரத்திலேயே, 1910 ஆகஸ்ட் 26ஆம் நாள், மனைவியின் கைகளில் அவர் உயிர் பிரிந்தது. வயது 68.